வெளிநாட்டு ஆலைகளின் பசுமை அறிக்கை: நானே செய்த சில தவறுகள்

போன வாரம், புதிதாகச் சேர்ந்த இருவர் வெளிநாட்டு ஆலை ஒன்றின் சுற்றுச்சூழல் அறிக்கை வரைவைக் கொண்டுவந்தார்கள். மூன்றாம் பக்கத்திலேயே என் பழைய தவறு அப்படியே உட்கார்ந்திருந்தது. மரம் நடும் படத்தை அட்டையில் போடுவது, கிலோவையும் டன்னையும் குழப்புவது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். அவை எப்படியும் மாட்டிக்கொள்ளும்.

சான்றிதழோடு திருப்திப்படுவது

ஐஎஸ்ஓ 14001 என்பது 1996இல் வந்த சர்வதேசச் சுற்றுச்சூழல் மேலாண்மைத் தரம். குறிக்கோள் என்ன, பொறுப்பாளர் யார், தவறினால் எப்படித் திருத்துவீர்கள் என்றெல்லாம் கேட்கும். ஆற்றில் எவ்வளவு கழிவு விடலாம் என்ற எண் அதில் கிடையாது. தொழில்துறை தானாக வகுத்துக்கொள்ளும் விதிகளும் கிட்டத்தட்ட அப்படித்தான். 1984 போபால் விபத்துக்குப் பிறகு, 1985இல் கனடாவின் ரசாயன நிறுவனங்கள் 'ரெஸ்பான்சிபிள் கேர்' திட்டத்தைத் தொடங்கின. பிறகு அது அமெரிக்காவுக்கும் போனது. அங்கே அதில் சேர்ந்த நிறுவனங்கள், சேராதவற்றைவிட மெதுவாகவே முன்னேறின என்று கிங், லெனாக்ஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2000இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. தவறினால் தண்டனை இல்லையென்றால் யார் அவசரப்படுவார்கள்?

வெளியே தள்ளிவிட்டு 'குறைத்தோம்' என்பது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. என் பொறுப்பில் இருந்த ஆலையில் குரோம் முலாம் பூசும் பிரிவு ஒன்று இருந்தது. செலவு அதிகம் என்று அதை மூடி, வேலையை வெளி ஒப்பந்ததாரரிடம் கொடுத்தார்கள். அடுத்த அறிக்கையில் அபாயக் கழிவு சரசரவென்று இறங்கியது. தலைமையகம் பாராட்டியது. அந்த வரைபடத்தைப் போட்டவன் நான்தான்.

ஆறு மாதம் கழித்து வேறு வேலையாக அந்தப் பட்டறைக்குப் போனேன். அலசும் தொட்டியில் தண்ணீர் மஞ்சளாக இருந்தது. ஆறு இணைதிறன் கொண்ட குரோமியத்தின் நிறம் அது, புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. எங்கள் ஆலையில் அமிலமும் சோடியம் பைசல்பைட்டும் சேர்த்து அதை நச்சு குறைந்த மூன்று இணைதிறனுக்கு இறக்கி, பிறகு சுண்ணாம்பு போட்டுக் கசடாகப் பிரிப்போம். இங்கேயும் அதற்கான தொட்டி இருந்தது. ஆனால் மருந்து செலுத்தும் பம்பின் வயர் சுருட்டிச் சுவரில் மாட்டியிருந்தது. தண்ணீர் நேராக வாய்க்காலுக்குப் போனது.

மண்ணைத் தோண்டி அகற்றவும் நிலத்தடி நீரைச் சோதிக்கவும் ஆன செலவு, பிரிவை மூடி மிச்சம் பிடித்ததை எல்லாம் விழுங்கிவிட்டது. இத்தனைக்கும் அறிக்கையில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. 'எங்கள் கட்டுப்பாட்டில் உள்ளவை மட்டும்' என்று அடிக்குறிப்பு இருந்ததே! நிறுவன அறிக்கைகளுக்குத் தரம் வகுக்கும் சர்வதேச அமைப்பான ஜிஆர்ஐயின் 2020 கழிவுத் தரம், மதிப்புச் சங்கிலியில், அதாவது பொருள் தருபவர் முதல் வாங்குபவர் வரை, வேறு இடத்தில் உருவாகும் கழிவையும் விளக்கச் சொல்கிறது. ஆனாலும் அந்த அடிக்குறிப்பு இன்னும் சாகவில்லை. போன வார வரைவிலும் இருந்தது.

உற்பத்தி அப்படியே இருக்க, கழிவு மட்டும் இறங்கினால், அது நின்றுபோனதா இடம் மாறியதா என்று கேளுங்கள். கார்பன் கணக்கிலும் இதே வித்தை உண்டு. சொந்தக் கொதிகலனை மூடிவிட்டு நீராவியை வெளியே வாங்கினால் ஸ்கோப் 1 (ஆலையே நேரடியாக வெளியிடுவது) இறங்கும், ஸ்கோப் 2 (வெளியே வாங்கும் மின்சாரம், நீராவிக்காக வேறு இடத்தில் வெளியாவது) ஏறும். இரண்டையும் கூட்டிப் பாருங்கள்.

தலைமையக விதியை அப்படியே ஒட்டுவது

'அங்கீகரித்த உலையில் மட்டுமே எரிக்கவும்' என்று எழுதுவது சுலபம். அந்த நாட்டில் அப்படி ஓர் உலையே இல்லையென்றால், கிடங்கில் பீப்பாய்கள்தான் அடுக்கடுக்காக நிற்கும்.

தாய்நாட்டு வரம்பா, உள்ளூர் வரம்பா?

எது கடுமையோ அது.

முன்கூட்டியே சொல்லிவிட்டு ஆடிட்டுக்குப் போவது

சொல்லாமல், இரவு ஷிப்டில் போங்கள்.