ஓடின் எப்போது காது கொடுப்பார்: நெட்ஹேக்கில் கும்பிடும் முறை

நெட்ஹேக் என்ற கணினி விளையாட்டில் என் முதல் வால்கிரி (போர்வீராங்கனைப் பாத்திரம்) செத்தது எந்த அரக்கனாலும் அல்ல, ஒரு பூனைக்குட்டியால். இருட்டு வழியில் எதிரே வந்த ஓநாயை நோக்கிக் குத்துவாளை எறிந்தேன்; கூடவே வந்த பூனைமேல் பட்டு அது செத்தது. ‘கொலைகாரி!’ என்று திரையில் வந்தது. அதைப் படித்துவிட்டுச் சிரித்தேன். சில நூறு நகர்வுகள் கழித்துப் பசியில் கால் தள்ளாடியபோது அவளுடைய தெய்வமான ஓடினிடம் வேண்டினேன். பசி தீரவில்லை, பாடம் புகட்டுகிறேன் என்று அனுபவத்தில் ஒரு நிலையையும் பிடுங்கிக்கொண்டார்.

இந்த விளையாட்டில் தெய்வம் இரண்டு எண்களைப் பார்க்கிறது. இரண்டும் திரையில் தெரியாது. ஒன்று காத்திருப்புக் கணக்கு. தொடக்கத்தில் 300, பொதுவாக நகர்வுக்கு ஒன்றாகக் குறையும். உயிர்போகும் ஆபத்து என்றால் அது 200 அல்லது அதற்குக் கீழே இருந்தாலே போதும். வேண்டுதல் பலித்தபின் மீண்டும் ஏறும், எவ்வளவு என்று சொல்ல முடியாது. ஆயிரம் நகர்வு இடைவெளி விடுவது என் வழக்கம்.

மற்றொன்று அதிர்ஷ்டம். அது சுழியத்துக்குக் கீழே இருந்தால் எந்த வேண்டுதலும் பலிக்காது. வளர்ப்புப் பிராணியைக் கொன்றால் ஐந்து குறையும். சண்டைக்கு வராத அப்பாவியைக் கொன்றாலும் ஐந்துதான். 600 நகர்வுக்கு ஒன்று வீதம் தானாகச் சரியாகும். என் பூனைக்கு 3,000 நகர்வு காத்திருக்க வேண்டியிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

உயிர்போகும் ஆபத்து எது என்பதையும் விளையாட்டே முடிவு செய்கிறது. உயிர்ப்புள்ளி 5 அல்லது அதற்குக் கீழ், அல்லது முழு அளவில் ஏழில் ஒரு பங்குக்குக் குறைவு. பசியில் வெறும் ‘பசிக்கிறது’ போதாது, ‘பலவீனம்’ என்று வரவேண்டும். அதுவரை பொறுத்திருங்கள். பலவீனம் என்று வந்தபின் வேண்டினால் வயிறு நிரம்பிவிடும் என்பதால், உணவு தேடி அலையும் நேரம் மிச்சம்.

பலிபீடம் கண்ணில் பட்டால் என் கால் அங்கேயே நின்றுவிடும். யாருடைய பீடமானாலும் பொருள்களை அதன்மேல் போட்டுப் பாருங்கள்: கருப்பாக மின்னினால் சாபம் பட்டது, பொன்மஞ்சளாக மின்னினால் ஆசி பெற்றது, மின்னாவிட்டால் இரண்டும் இல்லை. உங்கள் தெய்வத்தின் பீடம் என்றால் கொன்ற உயிரியைச் சுடச்சுடப் பலியிடலாம். செத்து 50 நகர்வு தாண்டினால் தெய்வம் ஏற்காது. பிணத்தைத் தூக்கிச் சுமப்பது பெரும்பாடு. ஆகவே பீடத்தின் மேலேயே நின்று சண்டையிடுங்கள். பலி காத்திருப்புக் கணக்கைக் குறைக்கும். கணக்குத் தீர்ந்தபின், மூன்றாம் நிலையை எட்டிய வீரருக்கு ஒவ்வொரு பலிக்கும் பத்தில் ஒரு பங்கு வாய்ப்பில் முதல் அரிய ஆயுதம் கிடைக்கும். ஓடினை வணங்கும் வால்கிரிக்கு முதல் பரிசு ம்யோல்னிர் சுத்தியல். அதற்காக ஒரே பீடத்தில் எத்தனை நாள் காவல் கிடந்தேன் என்று கேட்காதீர்கள்.

பீடத்தில் பூசாரி இருந்தால் உங்கள் நிலையை 400ஆல் பெருக்கி அந்த அளவு தங்கம் கொடுங்கள். உடலுக்குக் காப்பு ஏறும். நிலை உயர உயர விலையும் ஏறும் என்பதால் தாமதிக்க வேண்டாம். மிகக் குறைவாகக் கொடுத்தால் கஞ்சன் என்று திட்டவும் கூடும், அவ்வளவுதான்.

கெஹன்னம் என்ற பாதாளத்துக்குள் இறங்கியபின் கும்பிடவே கூடாது. அங்கே எந்த நிலையிலும் பலிக்காது. 13ஆம் தேதி வெள்ளிக்கிழமையாக வந்தாலும் பொதுவாகப் பலிக்காது. கணினியின் நாள்காட்டியைப் பார்த்து விளையாட்டு அதிர்ஷ்டத்தில் ஒன்றைக் குறைத்துவிடுகிறது. பௌர்ணமி என்றால் ஒன்றைக் கூட்டுகிறது. அந்த வெள்ளிக்கிழமைகளில் நான் விளையாட்டைத் திறப்பதே இல்லை.