32 பிட்டிலும் 64 பிட்டிலும் ஓடும் சி நூலகம்: பைதனோடு கதைக்க வைப்பது எப்படி?

கிளிநொச்சிப் பக்கத்துப் பள்ளிக்கூடக் கணினி அறை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். 32 பிட் லினக்ஸ் போட்ட பழைய கணினி ஒன்று, 64 பிட் விண்டோஸ் மடிக்கணினி ஒன்று, நீர்மட்டம் பதிய ஒரு ராஸ்பெரி பை. மூன்றிலும் ஒரே சி நூலகத்தைப் பைதனில் இருந்து கூப்பிட வேண்டும். இரணைமடுக் குளத்து நீர்மட்டப் பதிவையே உதாரணமாக எடுப்போம்.

படி 1: 'லாங்' வேண்டாம்

சி-யின் முழு எண் வகைகளில் ஒன்றான லாங், 64 பிட் லினக்ஸில் 8 பைட், 64 பிட் விண்டோஸில் 4 பைட். ஆக, இரண்டும் 64 பிட் என்பதற்காக நம்பிவிட முடியாது. சி99 (சி மொழியின் 1999 தரநிலை) தந்த, எங்கும் அளவு மாறாத இன்ட்32_டி, இன்ட்64_டி இரண்டையும் பாவியுங்கள். சி நூலகங்களைக் கூப்பிடப் பைதனோடு வரும் சிடைப்ஸில் இவற்றுக்குச் சோடி சி_இன்ட்32, சி_இன்ட்64. நேரத்துக்கான சி வகை டைம்_டி-யும் வேண்டாம், அது 32 பிட்டாக இருக்கும் கணினிகளில் 2038 ஜனவரியோடு நிரம்பிவிடும்.

படி 2: ஸ்ட்ரக்டின் வரிசை

ஸ்ட்ரக்ட் என்பது பல மதிப்புகளை ஒன்றாகக் கட்டிவைக்கும் சி வகை. ஆட்கள் அதிகம் வழுக்கி விழுவது இங்கேதான். கருவி எண் (32 பிட்), நேரம் (64 பிட்), நீர்மட்டம் மில்லிமீற்றரில் (32 பிட்) என்ற ஒழுங்கில் எழுதினால், பழைய 32 பிட் இன்டெல் லினக்ஸில் அது 16 பைட். 64 பிட்டில் 24. நேரம் 8-ஆல் வகுபடும் முகவரியில் இருக்க வேண்டும் என்பதற்காகக் கம்பைலர் நடுவில் 4 பைட்டும் கடைசியில் 4 பைட்டும் வெறுமையாக விடுகிறது. 32 பிட் ஏஆர்எம்மிலும் (ராஸ்பெரி பையின் சிப் வகை) 24தான், ஆகவே '32 பிட் என்றால் 16' என்று மனப்பாடம் செய்தும் பயனில்லை.

நேரத்தை முதலில் போடுங்கள். அப்புறம் கருவி எண், நீர்மட்டம். இப்போது எல்லா இடத்திலும் 16. அதோடு சி11-இன் ஸ்டாட்டிக் அசர்ட்டில் (கம்பைல் ஆகும்போதே நிபந்தனையைச் சரிபார்க்கும் வரி) 'அளவு 16' என்று எழுதிவிட்டால், யாராவது பின்னர் நேரத்தை நடுவில் போட்டால் 64 பிட்டில் கம்பைல் ஆகாது.

படி 3: சுட்டிகள்

பதிவுக் கோப்பைத் திறக்கும் ஃபங்ஷன் ஒரு சுட்டியை (நினைவக முகவரியை) திருப்பித் தருகிறது என்று வைப்போம். உள்ளே என்ன இருக்கிறது என்று பைதனுக்குத் தெரியத் தேவையில்லை. வாங்கி வைத்து, அடுத்த ஃபங்ஷனுக்கு அப்படியே கொடுத்தால் போதும். ஆனால் நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால், வருவது சாதாரண இன்ட் என்றே சிடைப்ஸ் எடுத்துக்கொள்ளும். 32 பிட்டில் பிழை தெரியாது. 64 பிட்டில் முகவரியின் பாதி வெட்டுப்பட்டு, புரோகிராம் பெரும்பாலும் செத்துப்போகும். ஃபங்ஷன் தருவதன் வகையைச் சொல்லும் ரெஸ்டைப், வாங்குவதன் வகையைச் சொல்லும் ஆர்க்டைப்ஸ் இரண்டிலும் சுட்டிக்குச் சி_வாய்ட்_பி என்று கட்டாயம் எழுதுங்கள்.

படி 4: சோதனை

64 பிட் இன்டெல் லினக்ஸில் ஜிசிசி-மல்ட்டிலிப்பை நிறுவி, ஜிசிசி கம்பைலருக்கு (32 பிட்டாக்கச் சொல்லும்) -எம்32 கொடுத்தும் ஒருமுறை கம்பைல் செய்யுங்கள். அசர்ட் இரண்டிலும் தாண்ட வேண்டும். அந்த 32 பிட் நூலகத்தை 64 பிட் பைதனில் ஏற்றப் பார்த்தால் 'ராங் ஈஎல்எஃப் கிளாஸ்' என்று திட்டும். அது உங்கள் பிழை அல்ல. அதற்கு 32 பிட் பைதன் வேண்டும், பழைய கணினிக்கே கொண்டுபோய் ஓட்டிப் பாருங்கள்.