கடல் சரணாலயத்தில் ஆய்வுப் பகுதிக்கு இடம் தேர்வது எப்படி: கிரேஸ் ரீஃப் காட்டும் வழி

மீன்பிடிப்பு ஒரு கடலடிப் பாரை (மீன்கள் கூடும் பாறைத் திட்டை) எவ்வளவு மாற்றியிருக்கிறது என்று அறிய வேண்டுமானால், ஒப்பிட்டுப் பார்ப்பதற்குத் தூண்டில் படாத பார் ஒன்று வேண்டும். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலக் கரைக்கு அப்பால், 1981-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கிரேஸ் ரீஃபில் இதற்காகவே தென்பகுதி ஆய்வுக்கு ஒதுக்கப்பட்டது. சரணாலயத்தின் பரப்பு சுமார் 57 சதுர கிலோமீட்டர்; அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கான இப்பகுதியில் 2011 டிசம்பர் முதல் மீன்பிடிக்கவோ முக்குளிக்கவோ அனுமதியில்லை, படகுகள் நிற்காமல் கடந்து செல்லலாம். அந்த இடத்தைத் தேர வரைபடங்கள் பயன்பட்ட முறை, இத்தகைய பணியை மேற்கொள்ளும் எவருக்கும் உதவும்.

முதலில் கடலடியின் வரைபடம் தேவை. ஒலி அலைகளால் கடலடியை அளக்கும் மல்ட்டிபீம் சோனாரும் பக்கவாட்டு சோனாரும் தரும் பதிவுகளை, முக்குளிப்போரும் நீரடிக் கேமராக்களும் நேரில் கண்டவற்றோடு ஒப்பிட்டுச் சரிபார்த்து, அடித்தளத்தை வகை பிரிக்க வேண்டும். கிரேஸ் ரீஃபில் இவ்வாறு வகை பிரித்தபோது, மூன்றில் இரண்டு பங்கு அலைவரி படிந்த மணலாகவும், கால் பங்கு உயிரினங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பற்றிய தளமாகவும் இருப்பது தெரிந்தது. கடற்பஞ்சுகளும் மென்பவளங்களும் நெருங்கி வளரும் பாறை விளிம்புகள் மொத்தப் பரப்பில் ஒரு விழுக்காடுகூட இல்லை. ஆனால் களவா போன்ற மீன்கள் அடைவது அங்கேதான். குறிப்பாக, உயரமாக எழுந்து அடியில் குடைவு உள்ள விளிம்புகளை அவை நாடுகின்றன. ஆகவே, பரப்பளவை மட்டும் பார்த்து எல்லை வரைந்தால் மணலை வேலியிட்டுக் காப்பதாகவே முடியும்.

அடுத்தது மனிதர்களின் வரைபடம். வானிலிருந்தும் கடலிலிருந்தும் கண்டு குறித்த படகுகளின் இருப்பிடங்களைத் தனி அடுக்காகச் சேர்க்க வேண்டும். அடித்தூண்டில் போடுவோர் விளிம்புகளை நம்பியிருப்பவர்கள். ஓடும் படகில் தூண்டிலை இழுத்து நெய்மீன் இனத்தைத் தேடுவோருக்கு அந்தப் பிடிமானம் குறைவு. இவ்விரு சாராரையும் ஒரே எண்ணிக்கையில் கலந்துவிட்டால், யாருக்கு எவ்வளவு இழப்பு என்பது மறைந்துவிடும். முன்பே ஆய்வு நடந்த இடங்களையும் இன்னோர் அடுக்காகக் குறித்தால், பழைய தரவுகள் வீணாகாமல் தொடரும்.

இனி, நகரும் சாளர முறை. சரணாலய வரைபடத்தின் வடமேற்கு மூலையில், எடுத்துக்காட்டாக, 4 கிலோமீட்டர் பக்கமுள்ள ஒரு சதுரத்தை வைத்து, அதனுள் அடங்கும் பாறை விளிம்பின் பரப்பு, படகுகளின் எண்ணிக்கை, பழைய ஆய்விடங்களின் எண்ணிக்கை ஆகிய மூன்றையும், வரைபட அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் கணக்கிடும் ஜி.ஐ.எஸ். மென்பொருளில் கணக்கிட வேண்டும். பின்பு சதுரத்தை 100 மீட்டர் கிழக்கே நகர்த்தி மீண்டும் கணக்கிட வேண்டும். வரிசை முடிந்ததும் 100 மீட்டர் தெற்கே இறங்கித் தொடர வேண்டும். முழுப் பரப்பையும் கடந்தபின், சாளரத்தின் அளவையும் வடிவத்தையும் மாற்றித் திரும்பச் செய்ய வேண்டும். கிடைக்கும் பட்டியலில் விளிம்பு போதுமானதாகவும் படகுகள் குறைவாகவும் உள்ள இடங்களை வரிசைப்படுத்தலாம். எதற்கு எவ்வளவு முன்னுரிமை என்பதை மீனவர்கள், முக்குளிப்போர், ஆய்வாளர்கள் ஆகியோர் கூடி, முடிவுகளைப் பார்ப்பதற்கு முன்பே தீர்மானித்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பார்த்தபின் தீர்மானித்தால் அவரவர் விரும்பும் இடத்துக்கேற்ப அளவுகோல் வளையும்.

மிகச் சிறந்த விளிம்புகளை எல்லாம் ஆய்வுப் பகுதிக்குள் சேர்த்துவிடும் ஆசையைத் தவிர்க்க வேண்டும். உயரமும் குடைவும் ஒத்த விளிம்புகள் வெளியேயும் எஞ்சியிருந்தால்தான் ஒப்பீடு நிற்கும். எல்லைக் கோடும் அட்சரேகை, தீர்க்கரேகைகளை ஒட்டி நேராக அமைய வேண்டும், ஜி.பி.எஸ். பார்த்துப் படகோட்டுபவருக்கும் ரோந்து செல்பவருக்கும் ஒரே கோடு ஐயமின்றித் தெரிய வேண்டும்.

கோடு முடிவானதும், தடை நடைமுறைக்கு வருவதற்கு முன்பே, உள்ளேயும் வெளியேயும் இணையான விளிம்புகளைத் தேர்ந்து, ஒரே பருவத்தில், ஒரே முறையில் மீன்களை எண்ணி, அவற்றின் நீளத்தையும் பதிவு செய்துவிட வேண்டும். இந்தத் தொடக்கக் கணக்கு இல்லையென்றால், பிற்பாடு தெரியும் வேறுபாடு தடையால் வந்ததா, முன்பே இருந்ததா என்று யாராலும் பிரித்துச் சொல்ல இயலாது.