லிப்ரெஆபிஸ் ரைட்டரில் தமிழ் எழுத்துரு நிலையாக நிற்க என்ன செய்ய வேண்டும்?

லிப்ரெஆபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளின் எழுதும் செயலியான ரைட்டரில் தமிழில் தட்டச்சு செய்கிறீர்கள். மேலே உள்ள பெட்டியில் பிடித்த எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கிறீர்கள். ஆனால் தமிழ் வேறு எழுத்துருவில் வந்து விழுகிறது, ஆங்கிலச் சொற்கள் மட்டும் நீங்கள் சொன்னதைக் கேட்கின்றன. நீளமான கட்டுரை ஒன்றை அச்சுக்குத் தயார் செய்தபோது எனக்கும் இதே தொல்லைதான். தீர்வு எளிது, ஆனால் கருவிப்பட்டையில் தேடினால் கிடைக்காது.

ரைட்டரை நிறுவிவிட்டீர்கள், தமிழ் விசைப்பலகையும் வேலை செய்கிறது என்று வைத்துக்கொள்கிறேன்.

ஏன் இப்படி ஆகிறது?

ரைட்டர் ஒவ்வொரு ஸ்டைலிலும் (பத்தி, தலைப்பு போன்றவற்றின் தோற்றத்தைச் சேமித்துவைக்கும் தொகுப்பு) மூன்று எழுத்துருக்களை வைத்திருக்கிறது. ஒன்று ஆங்கிலம் போன்ற மொழிகளுக்கு, ஒன்று சீனம், ஜப்பானியம், கொரியனுக்கு, மூன்றாவது தமிழ், இந்தி, அரபு போன்றவற்றுக்கு. இந்த மூன்றாவதன் பெயர் காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட், சுருக்கமாக சி.டி.எல். ‘கெ’ என்று அடித்தால் கோப்பில் முதலில் ‘க’, பிறகுதான் கொம்பு சேமிக்கப்படுகிறது. திரையிலோ கொம்பு முன்னால் வர வேண்டும். ‘கொ’வில் இரண்டு பக்கமும் குறி வரும். இதைச் சரியாக வரையத் தனி ஏற்பாடு தேவை. லிப்ரெஆபிஸின் முன்னோடியான ஓபன்ஆபிஸின் 1.1 பதிப்பு 2003இல் அந்த வசதியோடு வந்தது. 2010இல் அதிலிருந்து பிரிந்த லிப்ரெஆபிஸ், 2017இல் 5.3 பதிப்பு முதல் விண்டோஸ், மேக், லினக்ஸ் எல்லாவற்றிலும் ஹார்ஃப்பஸ் என்ற ஒரே கட்டற்ற நிரலால் எழுத்துகளை அடுக்குகிறது. ஒரே கோப்பு கணினிக்குக் கணினி வேறு மாதிரி தெரிந்த காலத்தைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

படி 1: சி.டி.எல்லை இயக்குங்கள்

டூல்ஸ் → ஆப்ஷன்ஸ் → லாங்குவேஜஸ் அண்ட் லோகேல்ஸ் → ஜெனரல். பழைய பதிப்புகளில் லாங்குவேஜ் செட்டிங்ஸ் → லாங்குவேஜஸ். அங்கே காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட் கட்டத்தில் டிக் போட்டு, பக்கத்தில் தமிழைத் தேர்ந்தெடுத்து ஓகே கொடுங்கள்.

படி 2: அடிப்படை எழுத்துருக்கள்

ஆப்ஷன்ஸை மீண்டும் திறந்தால், லிப்ரெஆபிஸ் ரைட்டர் என்ற பிரிவில் பேசிக் ஃபாண்ட்ஸ் (சி.டி.எல்) என்று ஒரு பக்கம் இருக்கும். டீஃபால்ட், ஹெடிங், லிஸ்ட், கேப்ஷன், இண்டெக்ஸ் ஐந்துக்கும் தமிழ் எழுத்துருவைக் கொடுங்கள்.

என் தேர்வு முக்த மலர். இலவசம், கட்டற்றது, தமிழும் ஆங்கிலமும் ஒரே குடும்பத்தில் வருகின்றன. இது முக்கியம். எண்களும் நிறுத்தக்குறிகளும் எந்த மொழிக்கும் சொந்தமில்லாதவை. தமிழுக்குப் பின் வரும் ‘2017’ தமிழ் எழுத்துருவிலும், ஆங்கிலத்துக்குப் பின் வரும் ‘2017’ ஆங்கில எழுத்துருவிலும் தோன்றும். தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் முக்த மலரையே வைத்துவிட்டால் அந்தப் பிரச்சினையே இல்லை.

படி 3: ஸ்டைலில் திருத்துங்கள்

பலரும் சிக்கிக்கொள்ளும் இடம் இது. பொறுமையாகச் செய்யுங்கள்.

எஃப்11 அழுத்தினால் ஸ்டைல் பட்டியல் திறக்கும். டீஃபால்ட் பாராகிராஃப் ஸ்டைலில் வலது சொடுக்கு, எடிட் ஸ்டைல் (பழையதில் மாடிஃபை), அப்புறம் ஃபாண்ட் தாவல். மேற்கத்திய எழுத்துருவும் சி.டி.எல் எழுத்துருவும் தனித்தனியாக இருக்கும். அளவும் தனித்தனி. ஆங்கிலத்துக்கு 12 கொடுத்தால் தமிழுக்கு 11 போதும், ஒரே அளவில் தமிழ் பெரும்பாலும் பெரிதாகத் தெரியும்.

மற்ற ஸ்டைல்களில் பெரும்பாலானவை இதிலிருந்துதான் எழுத்துருவைப் பெறுகின்றன. ஹெடிங், லிஸ்ட், கேப்ஷன், இண்டெக்ஸ் போன்ற சிலவற்றுக்குச் சொந்த எழுத்துரு இருக்கும், அவற்றையும் திறந்து மாற்றுங்கள். ஹெடிங் 1, 2 எல்லாம் தானாகவே பின்தொடரும்.

மாற்றியும் எதுவும் மாறவில்லையா? கருவிப்பட்டையில் முன்பு செய்த தேர்வு ஸ்டைலை மறைத்துக்கொண்டு நிற்கிறது. முழுவதையும் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல் + எம் அழுத்துங்கள், நேரடி வடிவமைப்பு நீங்கிவிடும். கையால் போட்ட தடித்த, சாய்ந்த எழுத்துகளும் போகும், அதனால் நகல் எடுத்துவைத்துவிட்டுச் செய்யுங்கள். இணையத்திலிருந்து ஒட்டும்போது கண்ட்ரோல் + ஆல்ட் + ஷிஃப்ட் + வி பயன்படுத்தினால் இந்தக் குப்பை உள்ளேயே வராது.

காலியான வரியில் கர்சரை வைத்துக் கருவிப்பட்டையில் எழுத்துருவை மாற்றாதீர்கள். அங்கே தமிழ் வரப்போகிறது என்று ரைட்டருக்குத் தெரியாது, ஆங்கிலத்துக்கான எழுத்துருவை மாற்றிவிடக்கூடும்.

படி 4: வார்ப்புருவாகச் சேமியுங்கள்

ஃபைல் → டெம்ப்ளேட்ஸ் → சேவ் ஆஸ் டெம்ப்ளேட். டீஃபால்ட் டெம்ப்ளேட் ஆக்கும் கட்டத்தில் டிக் போடுங்கள். இனி ஒவ்வொரு புதிய ஆவணமும் இப்படியே திறக்கும்.

பின்சேர்க்கை

கோப்பை வாங்கியவர் கணினியில் எழுத்துரு மாறிவிடுகிறது என்று சிலர் சொன்னார்கள். ஃபைல் → ப்ராப்பர்டீஸ் → ஃபாண்ட் தாவலில் எழுத்துருவை ஆவணத்திலேயே பதிக்கும் வசதி இருக்கிறது. திருத்தம் தேவையில்லை என்றால் பி.டி.எஃப் அனுப்புங்கள், அதுதான் பாதுகாப்பு.

யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவான பாமினியில் அடித்த கோப்புகளில் இந்தப் படிகள் பலிக்கவில்லை என்ற கேள்வியும் வந்தது. பலிக்காது. ரைட்டரைப் பொறுத்தவரை அவை வெறும் ஆங்கில எழுத்துகள், தமிழ் வடிவம் எழுத்துருவில் மட்டுமே இருக்கிறது. முதலில் என்.எச்.எம் கன்வெர்ட்டர் போன்ற ஒன்றால் யூனிகோடுக்கு மாற்றுங்கள், அதை வடிவமைப்பு இல்லாமல் ஒட்டுங்கள், பிறகு படி 3க்கு வாருங்கள்.