வீட்டுப் பட்டறையில் ராக் கிராலர் கட்டுவது: டயர் முதலில், முழு வெல்டிங் கடைசியில்

பாறை ஏறும் வண்டி கட்டக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் இன்ஜினைத்தான் தேடுகிறார்கள். முதலில் முடிவாக வேண்டியது டயர். 40 அங்குல டயர் என்று தீர்மானித்துவிட்டால் அதைச் சுழற்றும் ஆக்ஸில், அதைத் திருப்பும் ஸ்டீயரிங், அது ஏறி இறங்க வேண்டிய இடம், வண்டியின் நீளம் எல்லாமே அதை ஒட்டித்தான் அமையும். பாறை மேல் வண்டி நடை வேகத்துக்கும் கீழேதான் நகரும். அங்கே குதிரைத்திறனை விடக் கியர் விகிதத்துக்கே வேலை அதிகம்.

கணக்கு எளிது. கியர்பாக்ஸின் முதல் கியர், முன், பின் ஆக்ஸில்களுக்கு விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ (மெதுவான விகிதம்), ஆக்ஸிலின் கிரவுன் பினியன் விகிதம் மூன்றையும் பெருக்குங்கள். 4.0 × 4.0 × 5.38 என்றால் 86. இன்ஜின் ஐடிலில் 800 ஆர்பிஎம் சுற்றும்போது 40 அங்குல டயர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 30 மீட்டர், அதாவது மணிக்கு 1.8 கி.மீ. வேகத்தில் உருளும். டிரான்ஸ்ஃபர் கேஸ் லோ 2.0 மட்டும் இருந்தால் வேகம் இருமடங்காகும். கிளட்ச் உள்ள வண்டியில் கல் மேல் ஏறும்போதெல்லாம் கிளட்சை மிதித்துத் தேய்க்க வேண்டியிருக்கும்.

இதே பெருக்கம்தான் ஆக்ஸிலையும் முறிக்கிறது. மூன்று டயர் காற்றில் தொங்க, நாலாவது ஒரு பிளவில் சிக்கினால், லாக்கர் (இரு பக்கச் சக்கரத்தையும் ஒரே வேகத்தில் சுற்ற வைக்கும் பூட்டு) போட்ட வண்டியில் வருகிற முறுக்குவிசையில் பெரும்பங்கு அந்த ஒரே ஷாஃப்டில் இறங்கும். 40 அங்குலத்துக்கு டேனா 60 (கனரகப் பிக்கப் லாரிகளில் வரும் ஆக்ஸில் வகை) அளவு ஆக்ஸில், முனையில் 35 ஸ்பிளைன் (பல் வரிசை) வெட்டிய குரோமோலி எஃகு ஷாஃப்ட், முன்னும் பின்னும் லாக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய லாரிகளின் முன் டேனா 60-இல் சக்கரத்தோடு சேரும் வெளி ஸ்டப் ஷாஃப்ட் (குட்டைத் துண்டு) பெரும்பாலும் 30 ஸ்பிளைன்தான். அதையும் ஸ்டீயரிங் பக்கத்து யுனிவர்சல் ஜாயின்டையும் ஆரம்பத்திலேயே மாற்றிவிடுவது நல்லது. ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தபடி ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போது முதலில் உடைவது அவைதான்.

டேக் வெல்டிலேயே வண்டியை நிறுத்துங்கள்

டேக் வெல்ட் என்பது பாகங்களைத் தற்காலிகமாகப் பிடித்து வைக்கும் சிறு பொட்டு வெல்டிங். இந்தக் கட்டத்தில் அவசரப்பட்டால் பின்னால் பாதி வேலையை அறுத்துப் போட வேண்டி வரும். தரையை ரசமட்டம் வைத்துப் பாருங்கள். சாய்வு இருந்தால் ஸ்டாண்டுகளுக்கு அடியில் தகடு கொடுத்துச் சரிசெய்யுங்கள். தரையில் சாக்பீஸ் நூலால் நடுக்கோடு அடித்து, தூக்குக்குண்டு விட்டு, இரண்டு ஆக்ஸிலின் நடுப்புள்ளியையும் அதில் நிறுத்துங்கள். பிறகு இடது முன் முனையிலிருந்து வலது பின் முனைக்கும், வலது முன்னிலிருந்து இடது பின்னுக்கும் மூலைவிட்டம் அளந்து பாருங்கள். வித்தியாசம் 3 மி.மீ.-க்குள் இருக்க வேண்டும். வீல்பேஸ் 105 முதல் 112 அங்குலம், வயிற்றுத் தகடு தரையிலிருந்து 18 முதல் 20 அங்குலம் என்பது 40 அங்குல டயருக்கு ஒத்துவரும் அளவு. வீல்பேஸ் குட்டையானால் செங்குத்து ஏற்றத்தில் வண்டி பின்னால் மல்லாந்துவிடும். நீண்டுபோனால் வயிறு பாறையில் தட்டி உட்கார்ந்துவிடும்.

சஸ்பென்ஷனுக்கு, ஆக்ஸிலை வண்டிச் சட்டத்தோடு இணைக்கும் நான்கு லிங்க் (தண்டு). கீழ் லிங்க் பாறையில் நேரடியாக இடிபடும் என்பதால் 2 அங்குல விட்டம், 6 மி.மீ. சுவர் உள்ள டிஓஎம் (அச்சுத் தண்டின் மேல் இழுத்துச் செய்த வலுவான எஃகு) பைப் போடுங்கள். ஆக்ஸில் முனையில் மேல் லிங்க்குக்கும் கீழ் லிங்க்குக்கும் உள்ள உயர இடைவெளி டயர் உயரத்தில் கால் பங்கு, அதாவது 40 அங்குலத்துக்கு 10 அங்குலம். ஆக்ஸில் ஹவுசிங்கை முறுக்கப் பார்க்கும் விசையை இந்த இடைவெளிதான் தாங்குகிறது. இடைவெளி பாதியானால் லிங்க்கிலும் போல்ட்டிலும் விழும் விசை இரட்டிப்பாகும். மேலிருந்து பார்க்கும்போது லிங்க்குகள் முக்கோணமாகச் சாய வேண்டும். மேல், கீழ் சாய்வுகளைக் கூட்டினால் 40 டிகிரியாவது வரட்டும். குறைந்தால் ஆக்ஸில் பக்கவாட்டில் அலையும். கீழ் லிங்க் முன்னோக்கி அதிகம் ஏறி நின்றால் ஏற்றத்தில் பின்பக்கம் தத்தித் தத்திக் குதிக்கும். ஆகவே லிங்க்கை முடிந்தவரை நீளமாகவும் தட்டையாகவும் வையுங்கள்.

லிங்க் முனையைத் தாங்கும் பிராக்கெட் ஒவ்வொன்றுக்கும் நான்கைந்து டேக் மட்டும் போடுங்கள். ஷாக்கிலிருந்து ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு ஜாக்கியால் ஆக்ஸிலை ஆட்டுங்கள்: இரு பக்கமும் முழுக்க மேலே, இரு பக்கமும் முழுக்கக் கீழே, பிறகு ஒரு பக்கம் மேலே மறுபக்கம் கீழே. முன் ஆக்ஸிலில் இந்த மூன்றையும் ஸ்டீயரிங்கை இரு கோடிக்கும் திருப்பி வைத்து மறுபடி செய்யுங்கள். டயர் லிங்க்கில் உரசுகிறதா, ஸ்டீயரிங் ராம் (சக்கரத்தைத் திருப்பும் ஹைட்ராலிக் சிலிண்டர்) ஆயில் சம்ப்பில் இடிக்கிறதா, பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

ஆக்ஸில் முழுக்கத் தொங்கும்போது புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கையால் மெல்லச் சுற்றிப் பார்க்க மறக்காதீர்கள். சுற்றில் ஓர் இடத்தில் கை ‘கட்’டென்று தடைபட்டால் யுனிவர்சல் ஜாயின்டின் யோக் இடிக்கிறது என்று அர்த்தம். அப்படியே ஓட்டினால் முதல் பெரிய பள்ளத்திலேயே ஜாயின்ட் உடையும். பினியன் கோணத்தை (ஷாஃப்ட் ஆக்ஸிலில் சேரும் இடத்தின் சாய்வை) திருத்துங்கள், இல்லையென்றால் லிமிட் ஸ்டிராப் கட்டித் தொங்கலைக் குறையுங்கள். ஷாஃப்ட் மிக நீண்டு நிற்கும் நிலையிலும் ஸ்லிப் ஸ்பிளைன் (ஷாஃப்ட் நீண்டு சுருங்க இடம் தரும் சறுக்கு இணைப்பு) 50 மி.மீ.-யாவது உள்ளே இருக்கட்டும். மேலே போகும்போது பம்ப் ஸ்டாப்பும் கீழே இறங்கும்போது ஸ்டிராப்பும் ஷாக்குக்கு முன்னாலேயே ஆக்ஸிலை நிறுத்த வேண்டும். ஷாக்கே கடைசித் தடையாக இருந்தால் அதன் கண்ணோ தண்டோ பிய்ந்துவிடும்.

முழு வெல்டிங்

எல்லாம் இடிக்காமல் ஆடிய பிறகே முழு வெல்டிங். ஆக்ஸில் டியூபில் ஒரே இழுப்பில் நீள வெல்டிங் அடித்தால் டியூப் வெல்டு பக்கமாக வளையும். பிறகு சீல் ஒழுகும், பேரிங் சீக்கிரம் தேயும். ஒரு அங்குலம் அடித்துவிட்டு எதிர்ப்பக்கம் போங்கள். கை வைத்தால் தாங்கும் அளவுக்குச் சூடு இறங்கியபின் அடுத்த அங்குலம். டிஃபரென்ஷியல் நடு ஹவுசிங் வார்ப்பிரும்பு. சூடேற்றாமல் சாதாரணக் கம்பியால் அடித்தால் வெல்டுக்குப் பக்கத்திலேயே விரிசல் விடும். 200 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடேற்றி, நிக்கல் ராடால் அடித்து, வெப்பப் போர்வை மூடி மெதுவாக ஆறவிடுங்கள்.

குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இரும்பில் வெல்டிங் அடிக்கவே கூடாது. அந்தச் சூட்டில் பாஸ்ஜீன் என்ற உயிர்க்கொல்லி வாயு உருவாகும். அசிட்டோனால் துடையுங்கள், அதுவும் முழுக்கக் காய்ந்த பிறகே தீப்பொறி.

வண்டி உருண்டால் ஆளைக் காக்கும் கூண்டுக்கு 1.75 அங்குலம், 3 மி.மீ. சுவர் டிஓஎம் பைப். பைப் முனைகளை ஒரு மி.மீ. இடைவெளி கூட இல்லாமல் நாட்ச் செய்யுங்கள் (அடுத்த பைப்பின் வளைவில் பொருந்தும்படி வெட்டுங்கள்). குறுக்குப் பைப்புகள் ஒரே புள்ளியில் கூடட்டும், பைப்பின் நடுவில் போய் முட்டும் இணைப்பு வளைந்துவிடும். ஹெல்மெட்டுக்கும் மேல் பைப்புக்கும் 3 அங்குலமாவது இருக்க வேண்டும். ஐந்து முனை பெல்ட்டின் தோள் பட்டி தோள்மட்டத்திலோ சற்றுக் கீழேயோ கட்டப்படட்டும்.

மெதுவாகப் போகும் வண்டிக்கு எதிர்காற்று கிடைக்காது. ரேடியேட்டரை முழுக்க மூடும் ஷ்ரவுடோடு (காற்றைக் குவிக்கும் உறை) எலக்ட்ரிக் ஃபேன் போடுங்கள், பவர் ஸ்டீயரிங் எண்ணெய்க்கும் தனிக் கூலர் வையுங்கள். கார்புரேட்டர் சரிவில் மூச்சுத் திணறும், ஃபியூவல் இன்ஜெக்ஷனே சரி. முழு ஹைட்ராலிக் ஸ்டீயரிங்கில் ஸ்டீயரிங் வீலுக்கும் சக்கரத்துக்கும் இரும்புத் தொடர்பு கிடையாது. ஹோஸ் வெடித்தால் வண்டியைத் திருப்பவே முடியாது, எனவே அப்படிப்பட்ட வண்டியைச் சாலையில் ஓட்டாதீர்கள்.

டயர் விளிம்பைப் போல்ட்டால் கவ்விப் பிடிக்கும் பீட்லாக் ரிம்மில் 8 பிஎஸ்ஐ காற்றழுத்தத்தில் தொடங்கலாம். போல்ட்டுகளை எதிரெதிராக, நாலைந்து சுற்றில் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். முதல் ஓட்டத்துக்குப் பின் மறுபடி டார்க் ரெஞ்ச் வையுங்கள், லிங்க் போல்ட்டுகளுக்கும் சேர்த்து. பிராக்கெட் வெல்டுகளைச் சுற்றி வெள்ளை பெயின்ட் அடித்து வைத்தால் விரிசல் விட்ட இடம் சில நாளில் மெல்லிய துருக் கோடாகத் தெரியும். அந்த இடத்தை அப்படியே மேலே வெல்டிங் பூசி மூடாமல், கிரைண்டரால் விரிசலின் அடி வரை தோண்டி எடுத்துவிட்டு அடியுங்கள்.