நான்கு பேர் அளவை இரண்டு பேருக்கு மாற்றுவது எப்படி? புதுக் குடித்தனத்துக்கான செய்முறை விளக்கம்

சமையல் குறிப்புகள் பெரும்பாலும் நான்கு பேருக்கென்றே எழுதப்படுகின்றன. புதிதாகக் குடித்தனம் தொடங்கிய இருவர் அதை அப்படியே பாதியாக்கிச் சமைத்தால் சோறு நடுவில் கடிபடும், குழம்பு சுண்டி அடிப்பிடிக்கும், உப்பு தூக்கலாக நிற்கும். கைப்பக்குவம் வரவில்லை என்று நொந்துகொள்ள வேண்டாம், தவறு பெரும்பாலும் கணக்கில்தான் இருக்கும். பாதியாக்கினால் சரிவரும் பொருள்கள் உண்டு, பாதியாக்கவே கூடாதவையும் உண்டு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் எந்தக் குறிப்பையும் இரண்டு பேருக்கு இறக்கிவிடலாம்.

கையில் இருக்க வேண்டியவை: 240 மில்லி கப், 15 மில்லி டேபிள்ஸ்பூன், 5 மில்லி டீஸ்பூன், கிராம் காட்டும் சிறிய தராசு. பாத்திரங்களில் 20 செ.மீ. அகலமுள்ள, கனத்த அடி கொண்ட, மூடி பொருந்திய ஒன்று கட்டாயம் வேண்டும். வேறு எதை வாங்கத் தள்ளிப்போட்டாலும் இதைத் தள்ளிப்போடாதீர்கள். காரணம் இரண்டாவது படியில் வருகிறது.

படி 1: நேராகப் பாதியாகுபவை

காய், பருப்பு, இறைச்சி, மாவு, தக்காளி, வெங்காயம் எல்லாம் எடைக்கு எடை பாதி. இதில் யோசிக்க ஒன்றுமில்லை. சின்ன அளவுகள்தான் குழப்பும். ¾ கப்பில் பாதி 6 டேபிள்ஸ்பூன். ⅓ கப்பில் பாதி 2 டேபிள்ஸ்பூனும் 2 டீஸ்பூனும். 1 டேபிள்ஸ்பூனில் பாதி 1½ டீஸ்பூன். ஒரு முட்டையில் பாதி வேண்டுமென்றால், உடைத்து நன்றாக அடித்து, 25 கிராம் நிறுத்து எடுங்கள் (ஓடு நீங்கிய நடுத்தர முட்டை ஏறத்தாழ 50 கிராம் இருக்கும்). மீதியை அன்றே ஆம்லெட்டில் சேர்த்துவிடலாம்.

படி 2: தண்ணீர் பாதியாகாது

பெரும்பாலான சமையல் கெடுவது இந்த இடத்தில்தான். பாத்திரத்தில் ஊற்றும் தண்ணீருக்கு இரண்டு வேலை. ஒரு பங்கு உணவில் தங்குகிறது, இன்னொரு பங்கு ஆவியாகப் போகிறது. தங்குவது உணவின் அளவைப் பொறுத்தது, அதனால் பாதியாகும். ஆவியாவதைத் தீர்மானிப்பவை பாத்திரத்தின் வாய் அகலம், அடுப்பின் வேகம், கொதிக்கும் நேரம் ஆகியவை. உள்ளே இருப்பது இரண்டு பேர் சாப்பாடா, நான்கு பேர் சாப்பாடா என்பது ஆவிக்குத் தெரியாது.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். உருளைக்கிழங்கு, தக்காளி, வெங்காயம் போட்ட குழம்பு. நான்கு பேர் குறிப்பில் 28 செ.மீ. வாணலியும் 750 மில்லி தண்ணீரும் சொல்லியிருக்கிறார்கள். அதில் 200 மில்லி ஆவியாகப் போகிறது, 550 மில்லி குழம்பில் நிற்கிறது என்று வையுங்கள்.

அதே வாணலியில் இரண்டு பேருக்கு: 275 + 200 = 475 மில்லி.

கண்ணை மூடிக்கொண்டு பாதியாக்கினால்: 375 மில்லி. நூறு மில்லி குறைகிறது. அடிப்பிடிப்பது அதனால்தான்.

இனி 20 செ.மீ. பாத்திரத்துக்கு மாறுங்கள். வட்டத்தின் பரப்பு ஆரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 14 × 14 = 196, 10 × 10 = 100. ஆக 20 செ.மீ. பாத்திரத்தின் பரப்பு 28 செ.மீ. வாணலியின் பரப்பில் ஏறக்குறைய சரிபாதி. ஆவியும் அதே விகிதத்தில் குறைந்து 100 மில்லி ஆகும். 275 + 100 = 375. பாத்திரத்தைச் சிறியதாக்கியதும் பாதிக் கணக்கு தானாகவே சரியாகிவிடுகிறது. அந்தப் பாத்திரத்தைக் கட்டாயம் என்று சொன்னது இதற்காகத்தான்.

எண்ணெய்க்கும் இதே கதை. வதக்கும் எண்ணெய் வாணலியின் அடி முழுக்கப் பரவ வேண்டும். அகலமான வாணலியில் பாதி எண்ணெய் விட்டால் ஓரங்கள் காய்ந்து, மசாலாத்தூள் கருகும். 28-க்கு 4 டேபிள்ஸ்பூன் என்றால் 20-க்கு 2 போதும். பெரிய வாணலியைத்தான் வைக்கப் போகிறீர்கள் என்றால் 3 விடுங்கள்.

படி 3: இரண்டு பேருக்குச் சோறு

ஒருவருக்கு 75 கிராம் அரிசி, இருவருக்கு 150 கிராம். கப் கணக்கில் ஏறத்தாழ ¾ கப், அதாவது 180 மில்லி. நன்றாகப் பசிப்பவர்கள் 200 கிராமுக்குப் போகலாம்.

முதலில் உங்கள் பாத்திரம் எவ்வளவு தண்ணீரை ஆவியாக விடுகிறது என்று கண்டுபிடியுங்கள். ஒருமுறை செய்தால் போதும்.

1. வெறும் பாத்திரத்தில் 480 மில்லி தண்ணீர் ஊற்றிக் கொதிக்க விடுங்கள்.
2. கொதித்ததும் மூடி, தீயைச் சிம்மில் வைத்து 13 நிமிடம் விடுங்கள்.
3. அணைத்து, திறக்காமல் 10 நிமிடம் வையுங்கள்.
4. மூடியில் ஒட்டியிருப்பதை உள்ளே சொட்டவிட்டு, ஆறியதும் மீதி நீரை அளங்கள்.

360 மில்லி மிச்சம் என்றால் இழப்பு 120 மில்லி. இந்த எண்ணை ஒரு சீட்டில் எழுதி அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டிவிடுங்கள். மூடி மாறினாலும் அடுப்பு மாறினாலும் எண் மாறும்.

இனி கணக்கு எளிது. மெல்லிய பச்சரிசி உதிரியாக வர, அரிசியின் கொள்ளளவைப் போல 1¼ மடங்கு நீரை உள்ளே இழுக்கும் என்று தொடங்குங்கள். 180 × 1¼ = 225. இழப்பு 120. மொத்தம் 345 மில்லி. நான்கு பேருக்கு இதே பாத்திரத்தில் 450 + 120 = 570. அதைப் பாதியாக்கினால் 285 தான் வரும். குறைகிற அந்த 60 மில்லிதான், நாலே டேபிள்ஸ்பூன், சோற்றை நடுவில் கடிக்க வைப்பது.

குழைவாக வேண்டுமென்றால் 1½ மடங்கு. புழுங்கலரிசி 1½ முதல் 2 மடங்கு வரை கேட்கும், வேகும் நேரமும் கூடும். கழுவிய அரிசியில் ஒட்டியிருக்கும் நீரும் நீர்தான், எனவே நன்றாக வடியவிட்டுப் போடுங்கள். சரியாக வராவிட்டால் அடுத்த முறை 2 டேபிள்ஸ்பூன் கூட்டியோ குறைத்தோ பாருங்கள். ஒரே தாவலில் அரை கப் ஏற்றிவிட்டால் எது சரி என்று கடைசிவரை தெரியாது.

செய்முறை: அரிசியும் நீரும் சேர்ந்து கொதித்ததும் ஒருமுறை மட்டும் கிளறி, மூடி, சிம்மில் 13 நிமிடம். அணைத்தபின் மூடியோடு 10 நிமிடம். இந்தப் பத்து நிமிடத்தில்தான் அடியில் இருக்கும் ஈரம் மேலே ஏறும். இடையில் திறந்து பார்த்தால் ஆவி போய்விடும்.

இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம் என்றால், அரிசியைப் போல ஆறு மடங்கு கொதிநீரில் வேகவைத்துக் கஞ்சியை வடித்துவிடுங்கள். எத்தனை பேருக்கானாலும் தப்பாது. கற்றுக்கொள்ளும் முதல் மாதத்துக்கு அதுவே நல்ல வழி என்றுகூடச் சொல்வேன்.

குக்கரில் வைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. எவ்வளவு குறைவாகச் சமைத்தாலும் கையேட்டில் சொன்ன குறைந்தபட்ச நீருக்குக் கீழே போகக்கூடாது. நீர் வற்றினால் அடி கருகும், பாதுகாப்பு வால்வும் போய்விடும். இரண்டு பேர் அரிசியை ஒரு கிண்ணத்தில் அதற்குரிய நீரோடு வைத்து, குக்கரின் அடியில் தனியாகத் தண்ணீர் ஊற்றி வேகவைப்பது பாதுகாப்பானது. மேலே, அரிசி பருப்பு வகை என்றால் பாதிக்கு மேல் நிரப்பக்கூடாது.

படி 4: உப்பும் காரமும்

உப்பு எடைக்கு எடை சரியாகப் பாதியாகும். முடிந்த குழம்பின் எடையில் 0.8 முதல் 1 சதவீதம் நல்ல தொடக்கம். 700 கிராம் குழம்புக்கு 6 கிராம், அதாவது தலைதட்டிய 1 டீஸ்பூன் தூளுப்பு. கல்லுப்பில் இடைவெளி அதிகம் என்பதால் அதே டீஸ்பூனில் எடை குறைவாக ஏறும். தூளுக்குப் பதில் கல்லைப் போடும்போது நிறுத்துப் போடுங்கள்.

பிறகு ஏன் கரிக்கிறது? குழம்பு சுண்டும்போது தண்ணீர்தான் போகிறது, உப்பு போவதில்லை. சிறிய அளவில் 100 மில்லி கூடுதலாகச் சுண்டினாலே நாக்குக்குத் தெரியும். அதனால் முக்கால் பங்கை வேகும்போது போட்டு, கால் பங்கை இறக்கும்போது ருசி பார்த்துப் போடுங்கள். கரித்துவிட்டால் உருளைக்கிழங்கை வெட்டிப் போடுவது பயன் தராது. கிழங்கு உப்புநீரைக் குடிக்குமே தவிர உப்பைத் தனியாகப் பிரித்து எடுக்காது. வெந்நீரோ உப்பில்லாத வெந்த காயோ சேர்த்து அளவைக் கூட்டுங்கள்.

இன்னொரு காரணம் இருவர் சமைக்கும் அடுக்களைக்கே உரியது. ஒருவர் உப்புப் போட்டுவிட்டு நகர்ந்திருப்பார், மற்றவர் வந்து "போடலைபோல" என்று இன்னொரு டீஸ்பூன் போடுவார். கேட்டுப் போடுங்கள் என்று சொன்னால் நடக்காது. போட்டவர் உப்பு ஜாடியை அடுப்பின் மறுபக்கம் நகர்த்தி வைக்கட்டும். ஜாடி அந்தப் பக்கம் இருந்தால் போட்டாயிற்று என்று அர்த்தம்.

மிளகாய்த்தூளைப் பாதிக்கும் சற்றுக் குறைவாகத் தொடங்குங்கள், கூட்டுவது எளிது. ஒருவர் காரம் தின்பவர், மற்றவருக்கு ஆகாது என்றால் இரண்டு குழம்பு வைக்க வேண்டியதில்லை. மென்மையாகச் சமைத்து, காரத்தைத் தனியே செய்துவிடலாம். 2 டேபிள்ஸ்பூன் எண்ணெயைக் காயவைத்து, அடுப்பை அணைத்து, முப்பது எண்ணுங்கள். பிறகு ½ டீஸ்பூன் மிளகாய்த்தூளைப் போட்டுக் கலக்குங்கள். தூள் மெல்ல நுரைத்து, எண்ணெய் சிவக்க வேண்டும். போட்டவுடன் பழுப்பாகி நெடி ஏறினால் சூடு அதிகம், கசக்கும், கொட்டிவிட்டு மறுபடி செய்யுங்கள். அதை அவரவர் தட்டில் விட்டுக்கொள்ளலாம்.

படி 5: நேரம்

2 செ.மீ. உருளைக்கிழங்குத் துண்டு ஆறு இருந்தாலும் அறுபது இருந்தாலும், கொதி வந்தபின் வேக 10 முதல் 12 நிமிடம். வேகும் நேரத்தைத் தீர்மானிப்பது துண்டின் பருமன், எண்ணிக்கை அன்று. கத்திமுனை தடையில்லாமல் இறங்கினால் வெந்தது.

வதக்குவதும் சுண்டவைப்பதும் வேறு. வெங்காயத்தில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அது போனபிறகுதான் நிறம் மாறும். பாதி வெங்காயம் என்றால் விரட்ட வேண்டிய தண்ணீரும் பாதி. குறிப்பில் 20 நிமிடம் என்றிருந்தால் பத்தாவது நிமிடத்திலிருந்தே பக்கத்தில் நில்லுங்கள். தீ பாத்திரத்தின் அடியைத் தாண்டி வெளியே நக்கக்கூடாது. சிறிய பாத்திரத்துக்குச் சிறிய பர்னர்.

படி 6: பாதியாக்கவே வேண்டாதவை

கொண்டைக்கடலை, ராஜ்மா போன்றவற்றை 100 கிராம் ஊறவைப்பதும் 250 கிராம் ஊறவைப்பதும் ஒரே வேலை, ஒரே எரிபொருள். 250 கிராம் போட்டு, 8 முதல் 12 மணி நேரம் ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டி, புது நீரில் வேகவையுங்கள். 550 கிராமுக்குக் குறையாமல் கிடைக்கும். பாதியை அன்றைக்கு எடுத்துக்கொண்டு, மீதியை வெந்த நீரோடு டப்பாவில் ஊற்றி ஃப்ரீசரில் வைக்கலாம். நீர் உறையும்போது விரியும், விளிம்பில் இரண்டு விரல் இடம் விடுங்கள். சிவப்பு ராஜ்மாவில் மட்டும் கவனம். மெதுவான சூட்டில் நாள்முழுக்க வைத்தாலும் அதன் நச்சு அழியாது, குறைந்தது 10 நிமிடம் தளதளவென்று கொதித்தாக வேண்டும். அரைவேக்காட்டில் தின்றால் வாந்தி வரலாம்.

படி 7: ஒருவர் தாமதமாக வரும் நாளில்

சமைத்ததை அடுப்பின் மேலேயே மூடிவைத்துக் காத்திருப்பது கூடாது. இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் போக வேண்டும். சோற்றுக்கு இது இன்னும் கறாரான விதி. அரிசியில் இருக்கும் ஒருவகை பாக்டீரியாவின் வித்துகள் கொதியிலும் சாகாது. வெதுவெதுப்பில் முளைத்து அவை உண்டாக்கும் நச்சு, மறுபடி சூடாக்கினாலும் போகாது. சோற்றை அகலத் தட்டில் பரப்பினால் சீக்கிரம் ஆறும், அதன்பின் டப்பாவில் மூடி உள்ளே வையுங்கள். சோற்றை மறுநாளைக்குள், குழம்பை மூன்று நாளுக்குள் முடித்துவிடுங்கள். ஃப்ரிட்ஜ் 5 டிகிரிக்கு மேல் போகக்கூடாது.

தாமதமாக வருபவரின் பங்கை, காய் முக்கால் வேக்காட்டில் இருக்கும்போதே எடுத்துவைப்பது நல்லது. சூடாக்கும்போது மீதி வெந்துவிடும், குழையாது. கொத்தமல்லி போன்ற தழைகளை அப்போது தூவிக்கொள்ளலாம். சோற்றைச் சூடாக்க, ஒரு கப்புக்கு 1 டேபிள்ஸ்பூன் தண்ணீர் தெளித்து மூடி வையுங்கள். நடுவில் கரண்டி விட்டுப் பார்த்தால் அங்கேயும் ஆவி பறக்க வேண்டும். எடுத்ததை முழுக்கச் சாப்பிட்டுவிடுங்கள், சூடாக்கிய மிச்சத்தை மறுபடி ஃப்ரிட்ஜுக்கு அனுப்பாதீர்கள்.

சமைத்தவர் பாத்திரம் கழுவ வேண்டாம் என்ற ஒப்பந்தம் நியாயமாகத் தோன்றும், ஆனால் அது சமைப்பவரைத் தாராளமாகப் பாத்திரம் எடுக்க வைக்கும். குழம்பு கொதிக்கும் 12 நிமிடத்தில் பலகை, கத்தி, அளவுக் கரண்டிகள் எல்லாவற்றையும் சமைப்பவரே கழுவிவிடலாம். சாப்பிட்ட தட்டும் அடுப்பில் இருந்த பாத்திரமும் மற்றவருக்கு. பாலும் முட்டையும் ஒட்டிய பாத்திரத்தில் முதலில் குளிர்ந்த நீர் ஊற்றுங்கள், வெந்நீர் ஊற்றினால் இறுகி இன்னும் ஒட்டிக்கொள்ளும். எண்ணெய்ப் பிசுக்குக்குத்தான் வெந்நீர்.