சமதளப் பாதையிலிருந்து மலைக்கு: ஸ்னோமொபைல் ஓட்டிகளுக்கு ஒரு வழிகாட்டி

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் சீரமைக்கப்பட்ட பாதைகளில் பல குளிர்காலங்கள் ஸ்னோமொபைல் (பனியில் ஓடும் மோட்டார் வண்டி) ஓட்டியவரும், பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் ரெவல்ஸ்டோக் நகரை அடுத்துள்ள பௌல்டர் மலையில் முதல் நாள் ஏறும்போது புதியவராகவே தொடங்க வேண்டியிருக்கும். பாதையில் வண்டி இறுகிய பனியின் மேல் ஓடுகிறது. மலையிலோ இடுப்பளவு ஆழமுள்ள தளர்ந்த பனியில் மிதந்து செல்கிறது.

முதல் பயணத்திற்குச் சொந்த வண்டியை இழுத்துச் செல்லாமல், மலையடிவார ஊரிலேயே மலைவண்டி ஒன்றை வாடகைக்கு எடுப்பது நல்லது. பாதைவண்டியின் டிராக் (பனியைப் பற்றி வண்டியைத் தள்ளும் ரப்பர் பட்டை) பெரும்பாலும் 129 முதல் 137 அங்குல நீளமும், அதன் பற்கள் ஒன்று முதல் ஒன்றரை அங்குல உயரமும் கொண்டவை. மலைவண்டிகளில் டிராக் 154 முதல் 165 அங்குலம் வரையும், பற்கள் இரண்டரை முதல் மூன்று அங்குலம் வரையும் இருக்கும். ஸ்கீகளுக்கு (முன்புறச் சறுக்குக் கட்டைகளுக்கு) இடையிலான அகலம் குறைவாக இருப்பதால் வண்டி எளிதில் சாயும், சாய்வதற்காகவே அது அப்படி அமைக்கப்பட்டுள்ளது. உயரம் 1000 அடி கூடும்போது, டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தரும் கருவி) இல்லாத எஞ்சின் ஏறத்தாழ 3 சதவீத ஆற்றலை இழக்கிறது என்பதால், எஞ்சின் ஆற்றலை டிராக்கிற்குக் கடத்தும் கிளட்சில், தாழ்நிலத்திற்கு ஏற்ப அமைந்த எடைகளையும் மாற்ற வேண்டியிருக்கும்.

ஓட்டும் முறையில் முதலில் விடவேண்டிய பழக்கம் உட்கார்ந்து ஓட்டுவதுதான். மலையில் நின்றுகொண்டே ஓட்ட வேண்டும். வண்டியைத் திருப்புவது ஹேண்டில்பார் மட்டுமல்ல, உங்கள் உடல் எடையும்தான். சரிவைக் குறுக்காகக் கடப்பதே இதில் கடினமான பாடம். மலை உங்கள் இடப்பக்கம் உயர்கிறது என்று வைத்துக்கொள்வோம். வலது காலை இடப்பக்கக் கால்பலகையில் ஊன்றி, இடது காலைத் தளர்வாக மலைப்பக்கம் விட்டு, ஹேண்டில்பாரை உங்களை நோக்கி இழுத்து வண்டியை அதன் இடப்பக்க விளிம்பில் சாய்க்க வேண்டும். அதே வேளையில் ஸ்கீகளைப் பள்ளத்தை நோக்கி, அதாவது வலப்பக்கம், திருப்ப வேண்டும். பள்ளத்தை நோக்கித் திருப்பினால் உருண்டுவிடுவோம் என்று மனம் அஞ்சி, கை தானாகவே மேற்புறம் திருப்பும். நானும் அப்படித்தான் திருப்பினேன். வண்டி விளிம்பை இழந்து தட்டையாகி, சறுக்கிக் கீழே போய்ப் புதைந்தது. த்ராட்டிலை (வேக விசையை) சீராக வைத்து, முதலில் மென்சரிவான திறந்தவெளியில், இரு பக்கமும் மாற்றி மாற்றிப் பழகுங்கள்.

புதைந்த வண்டியில் த்ராட்டிலை அழுத்திக்கொண்டே இருந்தால் டிராக் தனக்குக் கீழே குழிதான் பறிக்கும். இறங்கி, ஸ்கீகளின் முன்னும் கால்பலகைகளின் அடியிலும் உள்ள பனியை அகற்றி, முன்னால் மிதித்துத் தடம் அமைத்த பிறகே எடுக்க வேண்டும். ஏற்றத்தில் வேகம் குறைவதை உணர்ந்தவுடனே பக்கவாட்டில் திரும்பி இறங்கிவிட்டால் இந்த உழைப்பு மிச்சம்.

இவை அனைத்தையும்விட முக்கியமானது பனிச்சரிவு. பெரும்பாலான பனிச்சரிவுகள் 30 முதல் 45 பாகை சாய்வுள்ள இடங்களில்தான் பிறக்கின்றன, ஓட்டிகள் ஏறிப்பார்க்க விரும்பும் சாய்வும் அதுவே. பனிச்சரிவு அபாயத்தைக் கணிக்கும் அவலாஞ்ச் கனடா அமைப்பு வெளியிடும் அறிக்கையைப் புறப்படும் அன்று காலையே படியுங்கள். அதிலுள்ள ஐந்து படிகளில் அபாயம் மூன்றாவதாக இருந்தாலே புதியவர்கள் அத்தகைய சாய்வுகளையும், அவற்றின் அடிவாரத்தையும் தவிர்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. டிரான்சீவர் (புதைந்தவரைக் கண்டறிய உதவும் சமிக்ஞைக் கருவி), புரோப் (பனிக்குள் குத்தித் தேடும் நீள் கம்பி), மண்வெட்டி மூன்றும் ஒவ்வொருவர் உடம்போடும் இருக்க வேண்டும், வண்டிப் பையில் அல்ல. பனிச்சரிவில் வண்டியும் ஆளும் பிரிந்துவிடக்கூடும். புதையுண்டவருக்குக் கிடைப்பது ஏறத்தாழ 10 முதல் 15 நிமிடங்களே என்பதால், தேடும் பயிற்சியை மலைக்குப் போகும் முன்பே செய்திருக்க வேண்டும்.

சரிவில் ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே ஏற வேண்டும். மற்றவர்கள் பனிச்சரிவு வந்தால் எட்டாத இடத்தில், எஞ்சினை உடனே கிளப்பக்கூடிய நிலையில் அவரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நண்பர் மேலே சிக்கிக்கொண்டால், பாதையில் செய்வதைப்போல உதவ ஓடிச் செல்லக் கூடாது. இன்னொரு வண்டியின் பாரம் அந்தச் சரிவையே அறுத்துவிடக்கூடும். 2008 டிசம்பர் 28 அன்று பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஃபெர்னி நகர் அருகே பனிச்சரிவில் புதையுண்டவர்களை மீட்கச் சென்றவர்கள்மீதும் அடுத்த பனிச்சரிவு இறங்கியது. புதையுண்டவர்களும் மீட்கச் சென்றவர்களுமாக 11 பேரில் 8 பேர் இறந்தனர்.

ஆழ்பனியில் எரிபொருள் பாதையில் செலவாவதைவிட வெகு வேகமாகத் தீரும். ஆகவே டேங்க் பாதியாகும் முன்பே வந்த தடத்தில் திரும்பிவிடுங்கள்.